கையெழுத்துப் போட்டதும் கிளம்பிடலாமா?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



நம்ம குழுக் கூட்டத்தில் ஐம்பது ரூபாய் செலவுன்னாலும் கணக்கு கேட்கிறோம். தீர்மான நோட்டை ஊக்குநர் வாசிச்சுக் காட்டாம யாரும் எழுந்திருக்கிறதில்லை. கிராம சபையில் மட்டும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டுட்டு, டீ குடிச்சதும் கிளம்பிடுறோம்.

அந்தக் கையெழுத்து லேசானது இல்லை. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதுக்கு மேல 300 பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். கூட்டத்தைச் செல்ல வைக்கிறதே நாமதான்.

ஒரு ஊரில் நம்ம பெண்கள் சாக்கடை வேலை கேட்டுப் பேசினாங்க. எல்லாரும் தலையாட்டினாங்க. ஆறு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா, "தீர்மானத்தில் அப்படி ஒண்ணும் இல்லையேம்மா"ன்னு பதில். வருகைப் பதிவேட்டில் நாற்பது பெண்களோட கையெழுத்து இருக்கு, சாக்கடை இல்லை! அன்னிக்கு நாங்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லணும்னு எங்களுக்கும் தோணலை.

முன்பு வருஷத்துக்கு நாலு கிராம சபை. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. வரவு செலவைப் பேனரில் எழுதி வைக்கணும். அதையும் நின்று படிக்கணும்.

வர்ற அக்டோபர் 2 அன்று கோரிக்கையை இரண்டு பிரதியா எழுதிக்கிட்டு வாங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணில் கையெழுத்து வாங்கி நமக்கு. கண்ணாடி போடுறவங்க மறக்காம அதையும் எடுத்துட்டு வாங்க.