நட்சத்திரம் மறையலைன்னாலும் ஃபைலை அழிக்காதீங்க

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்பை ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் லீவுக்கு ஊருக்கு, அதாவது கொட்டாம்பட்டிக்குப் போயிருந்தேன். ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுதுன்னு கணிப்பு. நிழல் நம்ம பக்கம் விழலாம். மொட்டை மாடியில டெலஸ்கோப்பை வெச்சு, நாலுவழிச் சாலை வெளிச்சத்துக்குத் தார்ப்பாய் கட்டி, ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோ எடுத்தேன். நட்சத்திரம் இமைக்கவே இல்லை. "ஒண்ணும் தெரியலையாப்பா?"ன்னு அம்மா கேட்டாங்க. கடுப்புல ஃபைலை டெலீட் பண்ணிட்டேன்.

அது எவ்வளவு பெரிய தப்புன்னு காவலூர் கதையைப் படிச்சப்பதான் புரிஞ்சது.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். நட்சத்திரம் ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கறதால அதோட ஒளி இணைகோடா வருது. அதனால குறுக்கே போற பாறை எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அதே அகலத்துல பூமியில நிழல் ஓடும். பத்து கிலோமீட்டர் பாறைன்னா கொட்டாம்பட்டியில நட்சத்திரம் அணையும், மேலூர்ல அணையாது. எத்தனை நொடி அணைஞ்சதுங்கறதை வெச்சு பாறையோட நீளத்தைக் கணக்குப் போடலாம். டெலஸ்கோப்ல வெறும் புள்ளியாத் தெரியற ஒண்ணுக்கு இப்படித்தான் உருவம் கிடைக்குது.

இப்ப காவலூர். வாணியம்பாடி பக்கம், ஜவ்வாது மலையில இருக்கற வானாய்வகம். 1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி போகுது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்கே இருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்ல பார்க்கறாங்க. நட்சத்திரத்தோட வெளிச்சம் சில நொடி குறைஞ்சு திரும்ப வருது. யுரேனஸுக்குப் புது நிலான்னு அவங்க 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க.

அதே ராத்திரி இந்தியப் பெருங்கடலுக்கு மேல, டெலஸ்கோப் வெச்ச நாசா விமானத்துல ஜேம்ஸ் எலியட் குழு பறந்துக்கிட்டிருந்தது. கணிப்பு முன்னபின்ன இருக்கலாம்னு ரொம்ப முன்னாடியே பதிவை ஆரம்பிச்சுட்டாங்க. கோள் மறைக்கறதுக்கு முன்னாடி அஞ்சு இறக்கம். அவங்களும் முதல்ல குட்டி நிலாக்கள்னுதான் நினைச்சாங்க. கோள் விலகின பிறகும் பதிவு ஓடுச்சு. பின்னால அதை விரிச்சு வெச்சுப் பார்த்தா, ரெண்டு பக்கமும் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒத்துப்போச்சு. நிலான்னா அப்படி வராது. வளையம்!

ஒரே ஒரு சர்வரோட லாக்ல ஒரு வரியைப் பார்த்து பக் இதுதான்னு முடிவு பண்றோமே, அந்த மாதிரிதான். ஒரு இறக்கம் நிலாவாகவும் இருக்கலாம், வளையமாகவும் இருக்கலாம். பக்கத்துல வேற பதிவை வெச்சாத்தான் தெரியும்.

காவலூர்க்காரங்க கிட்ட பதிவு பத்திரமா இருந்தது. பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அந்த ராத்திரிப் பதிவைத் திரும்ப எடுத்து, அதே வருஷம் அதே இதழ்ல வளையங்களைப் பத்தி எழுதினாங்க. முதல் விளக்கம் தப்பாப் போனாலும் டேட்டா தப்பாப் போகலை.

இன்னும் இதே முறைதான். 2013-ல சாரிக்லோங்கற சின்னப் பொருளுக்கு வளையம் இருக்கறதை தென் அமெரிக்காவுல இருந்து இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. சுமார் 250 கிலோமீட்டர் அகலம்தான் அது.

நான் அழிச்சதுல என்ன இருந்தது? "இந்த இடத்துல, இந்த நொடியில நிழல் விழலை." அவ்வளவுதான். ஆனா பாறையோட விளிம்பு எங்கே முடியுதுன்னு சொல்ல, மறைஞ்சதைப் பார்த்தவரோட பதிவு மட்டும் பத்தாது. மறையாததைப் பார்த்தவரோட பதிவும் வேணும். அந்தப் பாறையோட ஒரு ஓரம் என் லேப்டாப்ல இருந்திருக்கலாம்.

அடுத்த கணிப்பு வந்தா மாடிக்குப் போங்க. ஜிபிஎஸ் நேரத்தோட பதிவு பண்ணுங்க. ஒண்ணும் நடக்கலைன்னா அதையும் அனுப்புங்க. நானும் அனுப்பறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.