சனிக்கிழமை டீச்சருக்கும் வகுப்பு

இறக்குவானையிலோ தெரணியகலையிலோ தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர் தமிழில் பயிற்சி பெற, பெரும்பாலும் மாகாணம் தாண்டிக் கொட்டகலைப் பக்கம்தான் போகவேண்டும். ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், அரசினர் ஆசிரியர் கலாசாலையும் அங்கேதான் இருக்கின்றன.

2015-இல் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய்தான் கொடுப்பனவு. பஸ் காசு, சாப்பாடு, போட்டோ கொப்பி எல்லாம் அதற்குள்ளேதான். அந்தக் காசில் பயிற்சியும் பெற்றார்களே, அதுதான் பெரிய காரியம்! பிறகு அந்தக் கொடுப்பனவு 10,000 ஆனது.

தூரம் போகமுடியாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது: திறந்த பல்கலைக்கழகத்துக்கு இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நிலையங்கள் உண்டு. வேலையை விடாமலே வார இறுதியில் கல்வியியல் படிக்கலாம். அதிபர்மாரே, அப்படிப் படிக்கிற ஆசிரியரின் தலையில் சனிக்கிழமை விசேட வகுப்பைக் கட்டிவிடாதீர்கள்.