தலையெழுத்தும் தன்முயற்சியும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், கடனுதவி ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நாம் பேசுவது வழக்கம். இன்று பள்ளிப் பிள்ளைகளின் உள்ளத்திலே குடிகொண்டுள்ள ஓர் எண்ணத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். இது ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயமன்றோ என்று சிலர் கருதலாம். அவ்வெண்ணத்தை விதைப்பதில் வீட்டுத் திண்ணைக்கும் ஊர்ச் சாவடிக்கும் பெரும்பங்கு உண்டு. ஆதலால்தான் உங்கள் முன் இதனை எடுத்துரைக்கின்றேன்.

பரீட்சையில் தோற்ற சிறுவர்களை, "ஏன் தோற்றாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "பின்பாதிப் பாடங்களை நான் படிக்கவில்லை" என்பான் ஒருவன். "எனக்குக் கணக்கு வராது, என் தகப்பனாருக்கும் வராதாம்" என்பான் மற்றொருவன். இருவரும் பெற்ற மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் முதல்வன் மறுபடியும் புத்தகத்தைத் திறப்பான்; மற்றவன் திறப்பது அரிது. உடல்நலத்திலும் இப்படியே. வயிற்றுப்போக்கு தானாக வருவது, தானாகப் போவது என்று நம்பும் பிள்ளை, சாப்பிடுமுன் கை கழுவச் சொல்வதைப் பெரியவர்கள் தரும் தொல்லையென்றே எண்ணும்.

ஜூலியன் ராட்டர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1966-ல் வெளியிட்ட ஆய்வுரையில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். தமக்கு நேரும் பலன் தம் செயலால் விளைவது என நம்புவோர் ஒரு சாரார். அதிர்ஷ்டத்தாலோ பிறர் தயவாலோ விளைவது என நம்புவோர் மற்றொரு சாரார். பெரும்பாலோர் இரண்டிற்கும் நடுவே நிற்பவர்களே. இச்சர்ச்சை நமக்குப் புதிதன்று. திருக்குறளில் 38-ஆம் அதிகாரம் ஊழைப் பற்றியது. 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமையைப் பற்றியது. முன்னதை மட்டும் நினைவில் வைத்திருப்போர் நம் ஊர்களில் சற்று அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அதே 1966-ல், ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிய பேரறிக்கை ஒன்று வெளியாயிற்று. ஏறக்குறைய 6 லட்சம் மாணாக்கர்களிடம் விவரம் சேகரிக்கப்பட்டது. வாழ்வில் வெற்றி பெற உழைப்பைவிட அதிர்ஷ்டமே முக்கியமா என்ற கருத்துடைய வினாவும் அதில் ஒன்று. தம் வாழ்வு தம் கையில் உள்ளது என்ற எண்ணம், கறுப்பின மாணாக்கர் முதலான சிறுபான்மையினரிடையே, பள்ளியின் வசதிகளைவிடக் கல்வித் தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையதாய்க் காணப்பட்டது. தேர்ச்சி பெற்றதால் நம்பிக்கை வந்ததா, நம்பிக்கையால் தேர்ச்சி வந்ததா என்று நீங்கள் கேட்பது நியாயமே. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்றே நான் கருதுகிறேன்.

கரோல் டுவெக் என்னும் அம்மையார் 1975-ல் வெளியிட்ட சோதனை சிறியது. ஆனால் நமக்கு மிகவும் பயன்படுவது. தோல்வி கண்டதும் சோர்ந்துவிடும் 12 பிள்ளைகளை அவர் தேர்ந்தெடுத்தார். ஒரு பாதியினருக்கு எளிய கணக்குகளை மட்டுமே கொடுத்து வெற்றியையே காட்டினார். மறுபாதியினருக்கு இடையிடையே தோல்வியும் நேர்ந்தது. அப்போதெல்லாம் முயற்சி போதவில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பின்னர்க் கடினமான கணக்குகளைச் சந்தித்தபோது, வெற்றியை மட்டுமே கண்டவர்கள் முன்போலவே தளர்ந்தனர். மற்றவர்கள் விடாது முயன்றனர். "நீ கெட்டிக்காரன்" என்று ஓயாது புகழ்வதால் பிள்ளை உறுதிபெறும் என எண்ணும் பெற்றோர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. பிரிட்டனில் 1970-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்து வயதில் தம் முயற்சியில் நம்பிக்கை மிகுந்திருந்த பிள்ளைகளிடையே, 30 வயதில் உடற்பருமனும் மனக்கலக்கமும் குறைவாகக் காணப்பட்டன. 7,500-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய இவ்வாய்வு 2008-ல் வெளியாயிற்று.

இதைக் கேட்டு, "எல்லாம் பிள்ளையின் மனத்தில்தான் இருக்கிறது, முயன்றால் முடியும்" என்று சொல்லிக் கைகழுவி விடுவோமானால், அதைவிடக் கொடுமை வேறில்லை. மழை உழவன் கையில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டுப் பதரை நீக்குவதும், வாய்க்காலைத் தூர்வாருவதும் அவன் கையில் உள்ளவை. ஆனால் எத்தனை முறை விதைத்தும் தண்ணீரே வராத நிலத்தில், நான்காம் முறை ஏர் பூட்ட எவனுக்கு மனம் வரும்? பிள்ளையும் அப்படித்தான். முயற்சிக்குப் பலன் உண்டு என்பதைத் தன் அனுபவத்தில் காணாத பிள்ளையிடம் அந்நம்பிக்கையை உபதேசத்தால் மட்டும் உண்டாக்க இயலாது.

குழாயில் தண்ணீர் வராத பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்துவதால் யாது பயன்? கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே உட்புகுந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. சோகை பிடித்த பிள்ளை வகுப்பில் தூங்கினால் "சோம்பேறி" என்கிறோம். நாளடைவில் அப்பிள்ளையும் அதனையே நம்பிவிடுகிறது. குடற்புழு நீக்க மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் இன்று பள்ளியிலேயே இலவசமாக வழங்கப்படுகின்றன. 1956-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவோடு, 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துள்ளது. வயிறு நிறைந்த பிள்ளையிடம்தான் முயற்சியைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

இனி நீங்கள் செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. கையெழுத்திட்டுத் திரும்பிவிடாமல், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாத்திரை வழங்கிய நாளில் வராத பிள்ளைகளுக்குப் பின்னர்க் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பிள்ளையின் எதிரிலேயே, "நம் குடும்பத்துக்குப் படிப்பு ஏறாது" என்று பேசுவதை வீட்டுப் பெரியோர் அடியோடு நிறுத்த வேண்டும். பெண்பிள்ளைகளின் காதில்தான் இச்சொல் அதிகமாக விழுகிறது.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு நடைபெறுகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் மிகக் குறுகியது. அச்சமயத்தில்தான் பையன் வெளியூர் வேலைக்கும், பெண் வீட்டு வேலைக்கும் போய்விடுகிறார்கள். முடிவுகள் வெளியான வாரத்திலேயே, அந்தந்த வார்டு உறுப்பினர் தலைமையாசிரியரிடம் விவரம் கேட்டு, அவ்வீடுகளுக்கு நேரில் செல்ல வேண்டும். கடிந்து பேச அன்று. எந்தப் பாடத்தில் தவறினார், யாரிடம் கற்கலாம், விண்ணப்பம் அனுப்பியாயிற்றா என்று கேட்கவே. பிள்ளை மிகவும் மனமுடைந்து காணப்பட்டால் தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்ற ஆண்டு தவறியவர்களில் எத்தனை பேர் மீண்டும் எழுதினார்கள் என்ற கணக்கை, அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு ஒவ்வோர் ஊராட்சியும் பெயர் குறிப்பிடாமல் எண்ணிக்கையாகக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.