இடாப்பில் எங்கள் இடம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் பதிவேட்டுக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டை முன்னிட்டுச் சங்கம் எங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. இப்பாடசாலையில் படித்த அனைவரினதும் பெயர்ப் பதிவேட்டைக் கணினியில் ஆக்கித் தரவேண்டும் என்பதே அது. எங்களில் சிலர் வங்கியிலும், சிலர் மென்பொருள் நிறுவனங்களிலும், சிலர் அரச அலுவலகங்களிலும் தரவுகளோடு பழகியவர்கள். "ஒரு மாத வேலை" என்று பெருமையாகச் சொன்னோம். எங்கள் கணக்கு எங்கே பிழைத்தது, அதிலிருந்து எதைக் கற்றோம் என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறோம். வியாபார நிலையமோ வைத்தியசாலையோ, ஆட்களைக் கணினியில் பதியும் எந்த வேலைக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறோம்.

முதலில் ஒரு படிவத்தைத் தயாரித்து வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். முழுப்பெயர், குடும்பப் பெயர், நிரந்தர முகவரி, தொலைபேசி, தேசிய அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆண்டு. எல்லாக் கட்டங்களையும் கட்டாயமாக நிரப்ப வேண்டும். ஒழுங்கான படிவம் என்றே நினைத்தோம்.

சிறிய பிழைகள் முதலில் வந்தன. மன்னாரின் தொலைபேசிக் குறியீடு 023. விரிதாள் அதை எண்ணாக எடுத்து முன்னாலிருந்த பூச்சியத்தை விழுங்கிவிட்டது. பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்கள் தசமப் புள்ளி வைத்துச் சுருங்கி நின்றன. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எந்த இலக்கத்தையும் எழுத்தாகவே சேமிக்க வேண்டும் என்ற முதற்பாடத்தை, தொழிலில் தெரிந்திருந்தும், வீட்டு வேலையில் மறந்திருந்தோம்.

பெரிய பிழையைக் காட்டித் தந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. புத்தளத்திலிருந்து ஓர் அக்கா எடுத்தார். "தங்கச்சி, நான் தரம் எட்டோட போயிட்டன். அங்க பரீட்சை எழுதயில்லை. உங்கட படிவம் என்னை உள்ள விடுதில்லை. நான் பழைய மாணவியா, இல்லையா?" என்று கேட்டார்.

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனதை இங்கே பலர் நேரில் கண்டவர்கள். அதே ஆண்டில் எங்கள் தோழியர் பலர் தலைமன்னார்ப் பக்கமிருந்து கடலேறி இராமேஸ்வரத்துக்கும் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். இன்னும் பலர் மடுவிலும் பேசாலையிலும் அமைக்கப்பட்ட முகாம்களில் இருந்தார்கள். கொப்பியை மூடிவிட்டுப் போன இந்தப் பிள்ளைகள் ஒருவரையும் எங்கள் படிவம் ஏற்கவில்லை. கணினி பிழை செய்யவில்லை. பரீட்சை எழுதியவரே மாணவி என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

தரவு மாதிரி அமைத்தல் என்று தொழிலில் சொல்வதன் முதற்கேள்வி இதுதான்: அட்டவணையில் ஒரு நிரை எதைக் குறிக்கிறது? நிரல்களைப் பற்றி எல்லோரும் பேசுவோம். நிரை என்பது என்ன என்று கேட்க மறந்துவிடுவோம்.

விடை தேடி அலுமாரியிலிருந்த பழைய சேர்வு இடாப்புகளை எடுத்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்விலக்கம், சேர்ந்த திகதி, பெற்றோர் பெயர், விலகிய திகதி. பரீட்சையைப் பற்றிக் கேள்வியே இல்லை. வாசலுக்குள் வந்த பிள்ளை எல்லாம் பதியப்பட்டிருந்தது. எங்கள் படிவத்தைவிட அந்த இடாப்பு நீதியானது என்று கண்டு வெட்கப்பட்டோம்.

ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து மீண்டும் சேர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது சேர்விலக்கம் கொடுக்கப்பட்டிருந்தது. சிலருக்கு மூன்று. அதாவது, இடாப்பின் ஒரு வரி ஒரு பிள்ளையைக் குறிப்பதில்லை, ஒரு வருகையைக் குறிக்கிறது. எங்கள் படிவத்தின் ஒரு வரி ஒரு பரீட்சையைக் குறித்தது. எங்களுக்கு வேண்டியதோ ஒரு பெண்.

ஆகவே பதிவேட்டைப் பிரித்து அமைத்தோம். ஆளுக்கு ஓர் அட்டவணை. அதில் ஒருவர் ஒரே ஒரு முறைதான் வருவார். வருகைகளுக்கு வேறோர் அட்டவணை. பெயர்களுக்கு ஒன்று, முகவரிகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எப்போதிலிருந்து எப்போது வரை என்ற இரு திகதிகள். இவை எல்லாவற்றையும் ஆளின் இலக்கம் இணைக்கும். இப்படித் தொடர்புகளால் இணைந்த அட்டவணைகளில் தரவை வைக்கும் முறையை 1970 இல் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் கொட் வகுத்தார். ஆனால் ஆளையும் அவருக்கு உரியதையும் வேறு வேறாகப் பதியும் எண்ணம் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் ஆட்களுக்கு ஒரு தோம்பும் காணிகளுக்கு ஒரு தோம்பும் எழுதி வைத்தார்கள்.

அடுத்த கேள்வி, அந்த இணைக்கும் இலக்கம் எது? அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே என்று பலர் சொன்னார்கள். அதைச் சற்றுப் பார்ப்போம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். 1980 ஜனவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 80001 என்று தொடங்கும், பெண்ணுக்கு 80501 என்று தொடங்கும். வயதைச் சொல்லத் தயங்கும் நாங்கள், அட்டை இலக்கத்தைக் கேட்ட இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம்!

பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதாது என்பதால் 2016 முதல் பன்னிரண்டு இலக்கம் வந்தது. ஆண்டு நான்கு இலக்கமாகி, வரிசை எண்ணும் நீண்டது. ஒரே பெண்ணுக்குப் பழைய அட்டையில் ஓர் இலக்கம், புதியதில் வேறோர் இலக்கம். பத்து எழுத்துக்கு மட்டும் இடம் வைத்த தரவுத்தளங்களையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. இலக்கத்துக்குள் பொருளை ஒளித்து வைத்தால், பொருள் மாறும்போது இலக்கமும் உடையும். மேலும், அட்டை எடுக்கும் வயதுக்கு முன்னரே நாட்டை விட்டுப் போனவர்களுக்கு அந்த இலக்கமே இல்லை. எனவே எந்தப் பொருளும் இல்லாத வெறும் தொடரிலக்கம் ஒன்றை நாங்களே கொடுத்தோம். அடையாள அட்டைக் கட்டத்தை முற்றாக நீக்கினோம். எங்களுக்கு அது தேவையில்லை. தேவையில்லாததைக் கேட்காமல் விடுவதும் தரவு முகாமைத்துவமே.

பெயர்களின் கதை தனிக் கதை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வழக்கத்தில் இல்லாதவர்கள் அதிகம். தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். கலியாணத்தின் பின் அது கணவனின் எழுத்தாக மாறும். கனடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போனால் அந்த எழுத்து விரிந்து பின்னால் போய் நிற்கும். மன்னாரில் குரூஸ் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவோர் உண்டு. முகம்மதுவுக்கு அதிலும் அதிகம். இவை பிழைகள் அல்ல. ஒரு பெண்ணின் வாழ்வு நடந்த பாதை. அதனால் எந்தப் பெயரையும் அழிக்காமல் எல்லாவற்றையும் திகதியோடு வைத்தோம். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார் என்பதை மட்டும் அவரே சொல்வார்.

எழுத்துருவும் எங்களை ஏமாற்றியது. பழைய வகுப்புப் பட்டியல்கள் பாமினியில் தட்டச்சிட்டவை. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் கண்ணுக்குத்தான் அம்மா. கணினியின் உள்ளே கிடப்பவை நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. யுனிகோட்டில் பெயரைத் தேடினால் அது கிடைக்காது. எல்லாவற்றையும் மாற்றி, ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தது. இரண்டு பதிவுகள் ஒருவருடையவைதானா என்ற ஐயம் வந்தால், பெயர் ஒத்துப்போவதை மட்டும் நம்பி இணைக்கவில்லை. பிறந்த திகதி, தகப்பன் பெயர், கூடப் படித்த ஒருவரின் உறுதி ஆகியவற்றைப் பார்த்தே இணைத்தோம்.

முகவரியில் 'நிரந்தரம்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். ஒருவருக்கு ஓர் ஊர்தான் என்று எண்ணியது நாங்கள் மட்டுமல்ல. வாக்காளர் இடாப்பும் வழக்கமாக வதியும் இடத்தையே கேட்கும். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் சொந்த ஊரில் பதிவு செய்ய வழிவிடும் விசேட சட்டம் 2013 இல்தான் வந்தது. இருபத்துமூன்று ஆண்டு காத்திருக்கச் செய்த கட்டம் அது. எங்கள் பதிவேட்டில் 'ஊர்' என்று ஒன்றும் 'இப்போது இருக்கும் இடம்' என்று ஒன்றும் உண்டு. எது ஊர் என்பதை எழுதுபவரே தீர்மானிப்பார்.

இனிச் சொல்வது கடினமானது. 'இருக்கிறார், காலமானார்' என்று இரண்டு தெரிவு வைத்திருந்தோம். ஒரு தாய் அந்தப் படிவத்தை நிரப்பாமலே திருப்பித் தந்தார். அவருடைய மகள் காணாமற் போனவர். இரண்டில் எதையும் அவரால் தெரிவு செய்ய முடியவில்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற் போயுள்ளார் என்று கூறும் சான்றிதழ் வழங்க 2016 இல் நாட்டின் சட்டமே திருத்தப்பட்டது. ஒரு நாட்டுச் சட்டம் மூன்றாவது விடையை ஏற்ற பிறகும் எங்கள் படிவம் ஏற்கவில்லை. இப்போது ஏற்கிறது. வெற்றுக் கட்டம் ஒன்றுக்குத் 'தெரியாது', 'இல்லை', 'சொல்ல விரும்பவில்லை' என்று மூன்று பொருள் இருக்கலாம். அவற்றை வேறு வேறாகவே பதிகிறோம். அந்தத் தாயிடம் மீண்டும் போனோம். மகள் படித்த வகுப்புகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினோம்.

சேர்த்தால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். ஒவ்வொரு விபரத்துக்கும் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற குறிப்பு உண்டு. ஒவ்வொரு வகுப்பு ஆண்டுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆளில்லாத பதிவேடு மூன்று வருடத்தில் பழைய தாள் ஆகிவிடும். சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பாவித்தல், தேவைக்கு மேல் எடுக்காமை, சரியாக வைத்திருத்தல் என்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுவதை எங்கள் விதிகளாகவே எழுதிக்கொண்டோம். முகவரியோ தொலைபேசி இலக்கமோ இந்த மலரில் இல்லாததன் காரணம் அதுவே. கோபிக்க வேண்டாம். பிரதி ஒன்று பாடசாலையிலும் ஒன்று தீவுக்கு வெளியிலும் இருக்கிறது.

அலுவலகங்களில் புதிய கணினித் திட்டங்களை ஆரம்பிக்கும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் வாங்குமுன் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கேளுங்கள்: ஒரு நிரை எதைக் குறிக்கும்? யாருடைய வாழ்வு இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது? பிழையை யார் திருத்துவார்? இந்தக் கேள்விகளுக்குப் பணம் செலவாகாது. கேட்காமல் விட்டால் செலவாகும்.

புத்தளத்து அக்காவுக்கு நாங்கள் கொடுத்த விடையையே சங்கமும் ஏற்றுக்கொண்டது: இந்த வாசலுக்குள் ஒரு நாளேனும் மாணவியாக வந்தவர் பழைய மாணவியே. அவருடைய பெயர் இப்போது பதிவேட்டில் இருக்கிறது, தரம் எட்டுவரை என்ற குறிப்போடு.

பதிவேடு இன்னும் முடியவில்லை. இன்று வீடு திரும்புமுன் உங்கள் பதிவைப் பார்த்துத் திருத்துங்கள். பிறகு, உங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து, ஒரு காலையில் வராமற்போன பிள்ளையின் பெயரையும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.