சில்வியா பாங்க்ஹர்ஸ்ட்: உழைக்கும் பெண்களின் ஏட்டாசிரியர்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த வரலாறு பேசப்படும்போதெல்லாம் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட், அவருடைய மூத்த மகள் கிறிஸ்டபெல் ஆகிய பெயர்களே முன்னே வருகின்றன. 1930இல் நாடாளுமன்றத்தின் அருகே எம்மலினுக்குச் சிலை வைத்தார்கள். அதைத் திறந்து வைத்தவர் கன்சர்வேடிவ் தலைவர் பால்டுவின். அந்தக் கௌரவ வரிசையில் அடங்காமல் நின்றவர் இரண்டாவது மகள் சில்வியா (1882–1960). ஓவியம் பயின்றவர், இயக்கத்தின் கொடிகளையும் சின்னங்களையும் வரைந்து தந்தவர்.

1912இல் அவர் கிழக்கு லண்டனின் போ பகுதியில் போய்க் குடியேறினார். துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களும், வீட்டிலிருந்தே துண்டுக் கூலிக்கு உழைத்த பெண்களும் நிறைந்த பகுதி அது. 1913 நவம்பரில், கதவடைப்புக்கு ஆளான டப்ளின் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நடந்த கூட்டத்தில் ஜேம்ஸ் கானலி பேசிய அதே மேடையில் சில்வியாவும் பேசினார். தாய்க்கும் தமக்கைக்கும் அது பொறுக்கவில்லை. உழைக்கும் பெண்கள் பலவீனமானவர்கள், வசதியும் கல்வியும் உள்ளவர்களே இயக்கத்துக்குத் தேவை என்பது கிறிஸ்டபெலின் வாதம். சில்வியாவே இதைப் பதிவு செய்திருக்கிறார். 1914 ஜனவரியில் கிழக்கு லண்டன் அமைப்பு இயக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. பெண் விடுதலைக்குள்ளும் வர்க்கப் பிரச்சினை உண்டு என்பதை ஒரே குடும்பம் இவ்வளவு பச்சையாகக் காட்டியது அரிது.

வெளியேற்றப்பட்ட சில வாரங்களில், 1914 மார்ச் 8 அன்று, ‘உமன்ஸ் டிரெட்நாட்’ வார ஏடு பிறந்தது. விலை அரைப் பென்னி. அன்றைய தினமே டிரஃபால்கர் சதுக்கக் கூட்டத்துக்குச் செல்லும் வழியில் ஆசிரியரைப் போலீஸ் பிடித்தது. அப்போது ‘பூனை–எலிச் சட்டம்’ என்று மக்கள் பெயரிட்டழைத்த சட்டம் நடப்பில் இருந்தது. உண்ணாவிரதத்தால் நலிந்த கைதியை விடுவிப்பார்கள், உடல் சற்றுத் தேறியதும் மீண்டும் சிறையில் அடைப்பார்கள். சில்வியா உணவோடு நீரையும் மறுத்தார். ஜூனில், நிற்கவும் வலுவற்ற நிலையில் நாடாளுமன்ற வாயிலுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். பிரதமர் ஆஸ்குவித் இறங்கி வந்து, கிழக்கு லண்டனின் ஆறு உழைக்கும் பெண்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். தூதுக்குழுவில் சில்வியா இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தங்கள் கூலியையும் வாழ்க்கையையும் அந்தப் பெண்களே எடுத்துரைத்தார்கள்.

ஆகஸ்டில் உலகப்போர் வெடித்தது. தாயும் தமக்கையும் ஏகாதிபத்திய அரசின் ஆள்சேர்ப்புப் பிரச்சாரகர்கள் ஆனார்கள். அவர்களுடைய ஏடு ‘பிரிட்டானியா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. சில்வியா போரை எதிர்த்தார். விலைவாசி ஏறி, ஆண்கள் போர்முனைக்குப் போன தெருக்களில் அடக்கவிலை உணவகங்கள் திறந்தார். பெண்களுக்கு வாழத்தக்க கூலி தரும் பொம்மைத் தொழிற்சாலை நடத்தினார். துப்பாக்கி செய்வோரின் பெயரைத் தாங்கியிருந்த ஒரு மதுக்கூடத்தை எடுத்து, ‘தாயின் கரங்கள்’ என்னும் பொருள்படும் பெயரிட்டுக் குழந்தைகள் காப்பகமாக்கினார். ஏடு வாடகை, ரொட்டி விலை, போர் வீரர் மனைவியருக்கு வராத படிப்பணம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதியது. 1916இல் டப்ளின் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது நேரில் கண்ட செய்தியை வெளியிட்டது. 1917 ஜூலையில் அதன் பெயர் ‘வொர்க்கர்ஸ் டிரெட்நாட்’ ஆயிற்று.

1920இல் நடந்த ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பிரான்ஸ் நிறுத்தியிருந்த ஆப்பிரிக்கப் படைவீரர்களைக் காமவெறியர்களாகச் சித்திரித்துத் தொழிலாளர் நாளேடான ‘டெய்லி ஹெரால்டு’ கட்டுரை வெளியிட்டது. ஜமைக்காவின் கறுப்பினக் கவிஞர் கிளாட் மெக்கே எழுதிய மறுப்பை அவ்வேடு ஏற்கவில்லை. சில்வியா அச்சிட்டார், மெக்கேயைத் தம் ஏட்டில் பணியிலும் அமர்த்தினார். அதே ஆண்டு அக்டோபரில், கடற்படையினரின் அதிருப்தி பற்றியும் துறைமுகத் தொழிலாளர் பற்றியும் வந்த கட்டுரைகளுக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டார். எழுதியவர்களின் பெயரைச் சொல்ல மறுத்து ஆறு மாதச் சிறைத் தண்டனையைத் தாமே ஏற்றார்.

லெனினோடு அவருக்கு இருந்த கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் பங்கேற்கவே கூடாது என்றார் சில்வியா. ‘இடதுசாரி கம்யூனிசம்’ நூலில் லெனின் அவர் கட்டுரையை எடுத்துக்கொண்டே மறுத்தார். மக்கள் இன்னும் நம்பும் மேடையை விட்டு விலகுவது மக்களை விட்டு விலகுவதே என்ற லெனினின் வாதமே சரி. 1920இல் மாஸ்கோ மாநாட்டிலும் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். ஏட்டைக் கட்சியின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்க மறுத்ததால் 1921இல் சில்வியா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஏழாண்டுகளாகத் தெருத்தெருவாக விற்று வளர்த்த ஏடு. அவருடைய தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் கட்சியின்றித் தனித்து நின்ற அவ்வேடு 1924இல் நின்றுபோயிற்று.

1926இல் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் பம்பாயில் வெளியாயிற்று. முசோலினியின் அபாயத்தைத் தொடக்கத்திலேயே உணர்ந்து எழுதியவர், 1936 மே 5 அன்று, இத்தாலியப் படை அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்த நாளில், எத்தியோப்பியாவுக்காகப் புதிய ஏட்டைத் தொடங்கி இருபதாண்டுகள் நடத்தினார். பேரரசர் ஹெய்லி செலாசியின் ஆட்சியை விமர்சனக் கண்ணோடு அவர் பார்க்கவில்லை என்பது உண்மையான குறை. 1956இல் அங்கேயே குடிபெயர்ந்தார்; அங்கும் ஓர் இதழ் நடத்தினார். 1960 செப்டம்பரில் காலமானபோது அரசு மரியாதையுடன், பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட எத்தியோப்பிய வீரர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.