கெட்டிமேளமும் முப்பத்தாறு படமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைக்குக் கீழே நின்று மேடையைப் படம் பிடித்தே பழகியவன் நான். இன்றைக்கு மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் முடித்து 1984-ல் புளியறைக்குத் திரும்பினேன். வேலை கிடைக்கவில்லை. ஒரு பழைய யாஷிகா கேமராதான் கிடைத்தது. ஸ்டூடியோ வைக்கக் காசில்லை. ஒரே முகூர்த்தத்தில் மூன்று ஆர்டர் வந்தால், செங்கோட்டை, தென்காசி ஸ்டூடியோக்காரர்கள் மூன்றாவதுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கூலி ரோல் கணக்கு. வைகாசியும் ஆவணியும் தையும் சோறு போட்டன. ஆடியில் கல்யாணம் ஏது? குற்றாலச் சாரலில், அருவிக்கு வந்தவர்களைப் படமெடுத்துப் பிழைத்தேன். அந்த ஈரத்தில் லென்சுக்குள் பூசணம் பூத்தது தனிக்கதை.

யாஷிகாவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். குனிந்துதான் பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியின் 'இந்து' பிலிமை வாங்கி வீட்டிலேயே கழுவுவேன். மெட்டால், ஹைட்ரோகுயினோன், ஹைப்போ எல்லாம் நம்ம லேபில் படித்ததுதான். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் கறுத்த வெள்ளியாகும். படாததை ஹைப்போ கரைத்துவிடும். சில்வர் நைட்ரேட்டைக் கையில் கொட்டிக்கொண்டு திட்டு வாங்கியது வீண்போகவில்லை சார்!

மலையைத் தாண்டினால் ஆரியங்காவு. செங்கோட்டைப் பக்கமே 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொள்வினை கொடுப்பினை இரண்டு பக்கமும் உண்டு. அந்தப் பக்கக் கல்யாணத்தில் எல்லாம் வெள்ளை, கசவுக்கரை. மீட்டரை நம்பினால் வெள்ளை சாம்பலாகும், முகம் இருண்டுபோகும். ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும் என்பதை இரண்டு கல்யாணத்தைக் கெடுத்தபின்தான் கற்றேன்.

1991 ஆவணியில் ஒரு கல்யாணம். கையில் 36 படம் விழும் கலர் ரோல் கேமரா. கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது, நானும் தட்டித்தட்டி எடுத்தேன். எண் 22 காட்டியது. பிலிமை நகர்த்தும்போது பக்கத்துக் குமிழ் சுற்றவில்லை என்பதை அப்புறந்தான் பார்த்தேன். பிலிம் பல்லில் மாட்டவே இல்லை. ஒரு படமும் விழவில்லை.

"லேபில் கெடுத்துட்டாங்க" என்று சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் பெண்ணின் அப்பாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். தாலி கட்டுவதுபோல் மறுபடி நிற்கச் சொல்லலாமா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கட்டுன தாலிய மறுபடி கட்டுத மாதிரி நடிக்கவா? வேண்டாம் தம்பி. போயி சாப்பிடுங்க" என்றார். சாப்பிடத் தோன்றவில்லை. ரோலைச் சரியாக மாட்டி, பந்தியில் அவர் பரிமாறியதை எடுத்தேன். கூலி வாங்கவில்லை.

2006-ல் பிலிமை விட்டேன். வெள்ளி எடுக்கிறவர் வந்து பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைக் கிலோக் கணக்கில் கேட்டார். வீட்டில் இடமில்லை, பணமுடை, கொடுத்துவிட்டேன். கலரை அவர் தொடவில்லை. அதில் வெள்ளியை லேபிலேயே வெளுத்து எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது சாயம்தான். விலைபோகாததால் அது என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

2017-ல் அந்த 1991 கல்யாணப் பெண் வந்தார். "அண்ணாச்சி, அப்பா போயிட்டாங்க. ஆல்பத்தை வெள்ளத்துல விட்டுட்டோம். ஏதாவது இருக்குமா?" இரண்டு நாள் தேடினேன். பூசணம் பாதியைத் தின்றிருந்தது. பரிமாறுகிற அந்த ஒரு படம் தப்பியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதும், அந்தம்மா நெகட்டிவ்விலேயே அப்பாவை அடையாளம் கண்டு அழுதுவிட்டார்.

1985, 86-ல் கல்யாணமானவர்களும் வருகிறார்கள். "வித்துட்டேன்" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. புளியறைப் பெட்டிக்கு அவ்வளவு பெரிய இடம் வேண்டாம். நம் மாணவர்கள் நாலு பேர், ஒரு ஸ்கேனர், சில சனிக்கிழமைகள் போதும். எந்த வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல நான் இருக்கிறேன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. சாரல் தொடங்குமுன் வந்தால் நல்லது.