முன்வாசலால் எல்லோரும்
(நூற்றாண்டு விழாவில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கல்லூரிக்கு அயலிலுள்ள பங்கு ஆலயத்தை நாம் எல்லோரும் அறிவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (1962–1965) பின்னர் எழுந்த நவீன ஆலயங்களில் அதுவும் ஒன்று. மக்கள் பீடத்தைச் சூழ்ந்து ஒன்றாக வழிபட வேண்டும் என்பதே அத்தகைய ஆலயங்களின் நோக்கம். ஆகவே உள்ளே பார்வையை மறைக்கத் தூண்கள் இல்லை. ஆனால் வாசலில் மூன்று படிகள் உண்டு. எம்மோடு படித்த சிலர் இன்று அவற்றில் ஏற முடியாமல், வாகனத்திலிருந்தே நற்கருணை பெற்றுத் திரும்புகின்றனர்.

பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006இல் வந்தன. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம் என்பது பொதுவான கணக்கு. எமது மூன்று படிகளும் சேர்ந்து ஒன்றரை அடி. எனவே 18 அடி நீளமும் இருபுறமும் கைபிடியும் வேண்டும். அதைப் பின்பக்கத்தில் ஒதுக்காது முன்வாசலிலேயே அமைக்க வேண்டுகிறோம். பின்கதவால் அழைக்கப்படுபவர் தம்மை வீட்டாராக உணரமாட்டார்.

ஞாயிறு மட்டும் கதவு திறந்தால் சாய்தளத்தாலும் பெரும்பயன் இல்லை. கிழமை நாட்களில் ஆலய மண்டபத்தைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும், முதியோர் கூடிப் பேசவும் எச்சமயத்தாருக்கும் திறந்து வைக்கலாம். பல சமயப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த எமக்கு இது புதிதல்ல.

நூற்றாண்டு நினைவுக்கல் நாட்டுவதிலும் பார்க்க இந்தச் சாய்தளத்தை அமைப்போம். கடல் கடந்து வாழும் சகோதரிகளே, கைகொடுங்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு முன்வாசலால் வாருங்கள்.